அம்மோனியா இறங்கிய மத்தியானம்

பணி ஓய்வு எனக்குத்தான் கொடுத்தார்கள், என் போனுக்குக் கொடுக்கவில்லை. தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் இளம் டாக்டர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். அதில் என்னையும் சேர்த்துவிட்டு, "மேடம், நீங்க சும்மா இருந்தா போதும், நாங்க பேசிக்கிறோம்" என்றார்கள். சும்மா இருக்க விட்டால்தானே. போன வாரம் ஒருத்தர் ரிப்போர்ட்டைப் படம் பிடித்துப் போட்டு, "ரத்தத்துல அம்மோனியா ரொம்ப அதிகம். ஆள் சுயநினைவு இல்லாம இருக்கார். லிவர் போயிடுச்சுன்னு வீட்டுக்காரங்ககிட்ட சொல்லிடலாமா மேடம்?" என்று கேட்டிருந்தார். "வலிப்பு வந்ததான்னு கேட்டீங்களா?" என்று மட்டும் எழுதினேன். பதில் வர நேரமாயிற்று. "வந்துச்சாம் மேடம். காலையில. இப்பதான் சொல்றாங்க."

இந்த 'இப்பதான் சொல்றாங்க' எனக்கு நன்றாகப் பழக்கமான வார்த்தை. என் வேலையில் நான் பெருமையாக நினைத்துக்கொள்கிற ஒரு நாள் அந்த வார்த்தையால்தான் கிடைத்தது. இப்போது அம்மோனியா டெஸ்ட் சின்ன ஊர்களிலும் வந்துவிட்டது. எண் சுலபமாகக் கிடைக்கிறது, அவசர முடிவும் கூடவே கிடைக்கிறது. அதனால் இதை எழுதி வைக்கிறேன். தற்பெருமை கொஞ்சம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் அல்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன். உடம்பு புரதத்தை உடைக்கும்போது அம்மோனியா உண்டாகிறது. அதைப் பிடித்து யூரியாவாக மாற்றுவது கல்லீரலின் வேலை. கல்லீரல் கெட்டால் அம்மோனியா ரத்தத்தில் தேங்கி மூளையைக் குழப்பும், ஆள் உளறுவார், பிறகு மயங்குவார். இது எல்லா டாக்டருக்கும் தெரியும். தெரிந்தும் மறந்துபோகிற விஷயம் இன்னொன்று உண்டு. கையும் காலும் வெட்டி இழுக்கிற பெரிய வலிப்பு வந்தால் உடம்பிலுள்ள தசையெல்லாம் ஒரே நேரத்தில் வெறிபிடித்து வேலை செய்யும். அப்போது தசையிலிருந்தே அம்மோனியா ரத்தத்தில் கொட்டும். கல்லீரல் நன்றாக இருந்தால் சில மணி நேரத்தில் அதைத் துடைத்துவிடும். முதல் டெஸ்டில் கல்லீரல் கெட்டவருக்கும் வலிப்பு வந்தவருக்கும் ஒரே மாதிரி எண் வரலாம். யாருக்கு எதனால் ஏறியது என்பது இரண்டாவது டெஸ்டில்தான் தெரியும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மன்னார்குடி பக்கத்துக் கிராமம். அப்பா அம்மா இருவரும் நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று கூலி வேலைக்குப் போனவர்கள். நான் எம்.பி.பி.எஸ். முடித்து, பொது மருத்துவத்தில் எம்.டி.யும் முடித்தேன். படித்தேன், தூங்கவில்லை, பாஸ் செய்தேன். மருத்துவத்தைக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு, டாக்டர் ராஜேஸ்வரியிடம்.

அவர்தான் எங்கள் சீஃப். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை. முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டால் ரவுண்ட்ஸ் ஆரம்பம் என்று அர்த்தம். கேஸ் ஷீட்டை முதலில் கையில் வாங்கமாட்டார். நோயாளியின் பாதத்தைத் தொட்டு, சூடாக இருக்கிறதா சில்லிட்டிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பக்கத்தில் நிற்கிற உறவுக்காரரிடம், "நேத்து இவர் எப்படி இருந்தாருங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அவர்கள் சொல்கிற பதிலை, நடுவில் மறிக்காமல், ஆடு மாடு கதை வந்தாலும் கடைசி வரை கேட்பார். வார்டு பெருக்குகிற அம்மாவிலிருந்து ஆஸ்பத்திரி முதலாளி வரை எல்லோருக்கும் 'வாங்க, போங்க'தான். கோபம் வந்தால் மட்டும் எங்களைப் பெயர் சொல்லாமல் 'டாக்டர்' என்று கூப்பிடுவார். "சொல்லுங்க டாக்டர்" என்று அவர் ஆரம்பித்துவிட்டால் அன்றைக்கு எங்கள் பிழைப்பு நாறிவிடும்.

அவரிடம் தலையாட்டினால் பிடிக்காது. "எனக்கு ஆமாம் போடுறதுக்கு உங்களுக்குச் சம்பளம் குடுக்கலை வசந்தா. என்னைத் தோக்கடிக்கப் பாருங்க" என்பார். பல பேர் இதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து ஏமாந்துபோனார்கள்.

அம்மோனியாவுக்கு ரத்தம் எடுப்பதில் அவர் ஒரு சாமியாடி. கையில் பட்டையை இறுக்கிக் கட்டக்கூடாது, முஷ்டியை மடக்கச் சொல்லக்கூடாது. எடுத்த ரத்தத்தை உடனே மூடி ஐஸில் செருக வேண்டும். ஐஸோடு லேபுக்கு ஓட வேண்டும், அங்கே உடனே மெஷினில் சுழற்றி ரத்தத்தைப் பிரிக்க வேண்டும். வெளியே வைத்தால் ரத்தம் தானாகவே அம்மோனியாவை உண்டாக்கிக்கொண்டு பொய் சொல்லும். கரண்ட் போய் ஃப்ரிட்ஜில் ஐஸ் உருகிப்போன நாட்களில் எதிரே கரும்பு ஜூஸ் கடையில் வாங்கி வந்திருக்கிறோம். லேபில் ஸ்டீபன் என்று ஒரு டெக்னீஷியன் இருந்தார், சிகரெட் பிரியர். "புகையிலயும் அம்மோனியா இருக்கு ஸ்டீபன். பிடிச்ச கையோட வந்து ரத்தம் எடுக்காதீங்க" என்று சீஃப் சொன்னதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் கையால எடுத்த ரத்தம் தப்பாப் போனதா சரித்திரமே இல்ல மேடம்" என்றார். சீஃப் தன் கையையே நீட்டினார். சிகரெட்டுக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை எடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். ரிப்போர்ட் வந்த பிறகு ஸ்டீபன் வேலை நேரத்தில் சிகரெட்டைத் தொடவில்லை. "மத்தவங்க முன்னாடி என்னைத் திட்டலையே, அதுக்குத்தான்" என்று என்னிடம் சொன்னார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

ஆடி மாதம், வாய்க்காலில் தண்ணீர் வந்து நாற்றங்கால் விடுகிற சமயம். காலையில் நான் டூட்டிக்கு வந்தபோது தங்கராசு என்கிறவரை வார்டில் சேர்த்திருந்தார்கள். ஐம்பது வயது தாண்டிய விவசாயி, கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர். விடியற்காலை மடை திறக்கப் போனவர் வயலில் விழுந்துவிட்டார் என்று வீட்டார் சொன்னார்கள். கண்ணைத் திறந்து பார்க்கிறார், யாரையும் அடையாளம் தெரியவில்லை. கையைக் காலை உதறுகிறார், ஊசி போடப் போன நர்ஸைத் தள்ளிவிடுகிறார். கூட வந்திருந்தவர்கள் மனைவி செல்வி, மகள் கவிதா, செல்வியின் தம்பி சேகர். என்ன நடந்தது என்று கேட்டால் மூன்று பேருக்கும் சேகர்தான் பதில் சொன்னார்.

"மயக்கம் போட்டுட்டாருங்க. அவ்வளவுதான்."

"கை கால் இழுத்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

வலிப்பு வந்திருந்தால் உடம்பில் தடயம் இருக்கும். நாக்கைக் கடித்திருப்பார்கள், வாயில் ரத்தம் இருக்கும், வேட்டியிலேயே சிறுநீர் போயிருக்கும். ஆனால் இந்த மனிதர் காலையிலேயே வெற்றிலை போடுகிறவர். வாய் முழுக்கச் சிவப்பு, அதில் எது ரத்தம், எது வெற்றிலை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வாயைத் திறந்து டார்ச் அடிக்கப் போனால் பல்லைக் கடித்துக்கொண்டார். வயல் தண்ணீரில் விழுந்தவர் என்பதால் வேட்டி முழுக்கச் சேறும் ஈரமும். நம் டெல்டாவில் மட்டும்தான் வலிப்புக்கு இப்படி இரண்டு பக்கமும் மறைப்பு கிடைக்கும்.

அன்றைக்கு முதலில் பார்த்தவர் என் சகா டாக்டர் அன்பரசன். கெட்டிக்காரர். வந்தவுடனே அம்மோனியாவுக்கு ரத்தம் அனுப்பியது அவர்தான், அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். அம்மோனியா வானத்துக்கு ஏறியிருந்தது. கல்லீரல் டெஸ்டில் ஒரு என்சைமும் கூடியிருந்தது. வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் கொஞ்சம் கொழுப்பு. அன்பரசன் கணக்குப் போட்டுவிட்டார்: குடி, கல்லீரல் கெட்டது, அதனால் மயக்கம். எங்கள் தலை ஸ்கேன் மெஷின் அந்த வாரம் பழுது. "கல்லீரல் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு, சென்னைக்கே அனுப்பிடலாம்" என்று ஆம்புலன்ஸும் சொல்லியாகிவிட்டது.

அவர் இதை வராந்தாவில் நின்று செல்வியிடம் சொன்னார். "எவ்வளவு வருஷமா குடிக்கிறாரும்மா?"

செல்வி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்க வூட்டுக்காரரு வாயில வெத்தலையத் தவிர ஒண்ணும் படாதுங்க. யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றாங்க."

அந்த நேரம் பார்த்து வராந்தாவில் இன்னொருவரும் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. மன்னார்குடியில் உரக்கடை வைத்திருப்பவர், கவிதாவைத் தன் மகனுக்கு நிச்சயம் செய்திருந்தவர். ஆவணியில் முகூர்த்தம், பத்திரிகைகூட அடித்தாகிவிட்டது. சம்பந்திக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு கிடைத்த பஸ்ஸில் ஓடி வந்திருக்கிறார். 'குடி' என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் இறுகிவிட்டது. போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கவிதா அவரையும் பார்த்தாள், அம்மாவையும் பார்த்தாள், அழுகையை அடக்கிக்கொண்டு நின்றாள்.

ரவுண்ட்ஸ் வந்தது. சீஃப் தங்கராசுவின் பாதத்தைத் தொட்டார். சேற்று வெடிப்பு விழுந்த பாதம். அன்பரசன் விவரம் சொன்னார். சீஃப் தலையசைத்தார். "எண் எல்லாம் லிவர்னுதான் சொல்லுது. நீங்க என்ன சொல்றீங்க வசந்தா?"

எனக்கு உறுத்தியது. வயிறு வீங்கவில்லை, கண் மஞ்சள் இல்லை, கல்லீரல் நோயாளிக்கு நெஞ்சில் வருகிற சிலந்தி வலை மாதிரி ரத்தக் கோடுகள் ஒன்றுகூட இல்லை. கூடியிருந்த அந்த என்சைம் தசையிலிருந்தும் வரும். "வலிப்பா இருக்கலாம் மேடம்" என்றேன்.

"பாத்தவங்க யாரு?"

"யாரும் பாக்கலைன்னு சொல்றாங்க."

"அப்ப நீங்க நினைக்கிறீங்க, அவ்வளவுதான். எனக்கு லிவர்னுதான் தோணுது. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள என்னைத் தோக்கடிங்க. முடியலைன்னா ஆம்புலன்ஸ் கிளம்பும்." முந்தானையைச் சரிசெய்துகொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. தலைக்குள் ஏதாவது இருந்து, அதைப் பார்க்காமல் இவரை அத்தனை தூரம் ஆம்புலன்ஸில் அனுப்பினால் வழியிலேயே இன்னொரு வலிப்பு வந்து போய்விடுவார். போகாவிட்டாலும் குடிகாரர் என்ற பெயர் நிலைத்துவிடும், அந்தப் பெண்ணின் கல்யாணம் அந்த வராந்தாவிலேயே நின்றுவிடும்.

நர்ஸ் மேஜையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். சேகர் தயங்கித் தயங்கி நர்ஸிடம் வந்தார். "சிஸ்டர், மச்சான் கையில ஒரு சாவிக்கொத்து இருந்துச்சே, எடுத்து வச்சீங்களா? ஊருக்குப் போயி வண்டிய எடுக்கணும்."

நர்ஸ் டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "விரலைப் பிரிச்சு எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சுங்க."

நான் அந்தக் கொத்தைப் பார்த்தேன். ஒரு பைக் சாவி, பம்ப் செட் கொட்டகைக்கு ஒரு பெரிய இரும்புச் சாவி. "இது யார் சாவிங்க?" என்றேன்.

"என்னோடதுதாங்க."

"உங்க சாவி அவர் கைக்கு எப்படி வந்துச்சு?"

சேகர் சாவிக்கொத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எங்கே பிறந்து வளர்ந்தேன்? எங்கள் தெருவில் யாருக்காவது வலிப்பு வந்தால் முதலில் ஓடிவருவது இரும்புதான். சாவி, அரிவாள், எது கிடைக்கிறதோ அதைக் கையில் திணித்து விரலை மூடிப் பிடித்துக்கொள்வார்கள். பிரயோஜனம் ஒன்றும் கிடையாது, திணிக்காதீர்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள் என்று முகாம் முகாமாகத் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் அந்த மூடப்பழக்கத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்சலாம் போலிருந்தது. சும்மா மயங்கி விழுந்தவன் கையில் எவனும் சாவி கொடுக்கமாட்டான்.

"நீங்கதானே குடுத்தீங்க? இழுத்துச்சு, பாத்தீங்க, கையில இருந்த இரும்பைக் குடுத்தீங்க. சரியா?"

அவர் கண் கலங்கிவிட்டது. "வயல்ல நான் மட்டுந்தாங்க கூட இருந்தேன். ரொம்ப நேரம் வெட்டி வெட்டி இழுத்துச்சுங்க. வாயெல்லாம் நுரை. வலிப்புன்னு வெளிய தெரிஞ்சா பரம்பரை வியாதின்னு சொல்லிக் கவிதா கல்யாணத்த நிறுத்திடுவாங்களேன்னு அக்காகிட்டகூட சொல்லலை. இப்ப குடிகாரர்னு சொல்றாங்க. அதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்கு ஒண்ணும் விளங்கலைங்க."

அவருக்குப் பின்னால் கவிதா நின்றிருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டாள். மாமாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போனாள், நானும் பின்னாலேயே போனேன்.

"மாமா, அப்பாவுக்கு வலிப்பு வந்திருக்கு" என்றாள் உரக்கடைக்காரரிடம். "குடியெல்லாம் இல்லை. வலிப்புங்கறது எங்களுக்கே இப்பதான் தெரியும். கல்யாணம் வேணுமா வேணாமான்னு நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. ஆனா அப்பாவக் குடிகாரர்னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "முதல்ல அப்பாவப் பாப்போம்மா" என்றார். கல்யாணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை.

நான் சீஃபிடம் ஓடினேன். அன்பரசன் அங்கேயே இருந்தார். "கல்லீரல் மயக்கத்துலயும் வலிப்பு வரலாம் வசந்தா" என்றார். நியாயமான வாதம்தான். சீஃப் என்னைப் பார்த்தார்.

"அப்ப இன்னொரு அம்மோனியா பாத்துடலாம் மேடம்" என்றேன். "வலிப்பால ஏறியிருந்தா இந்நேரம் இறங்கியிருக்கணும். லிவரா இருந்தா இவ்வளவு சீக்கிரம் இறங்காது."

"எடுங்க. நானே கூட வரேன்."

ரத்தம் ஸ்டீபன்தான் எடுத்தார். பட்டை கட்டாமலே, முழங்கை மடிப்பில், ஒரே குத்து. ஐஸ் டம்ளரை நான் பிடித்துக்கொண்டேன். ஊசி ஏறியபோது தங்கராசு கையை இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணைச் சுழற்றி எல்லோரையும் பார்த்தார். கனத்த குரலில், "மடைய அடைச்சாச்சா?" என்றார். செல்வி அப்படியே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அடைச்சாச்சு மச்சான், அடைச்சாச்சு" என்றார் சேகர். அடைக்கவில்லை என்று எனக்குப் பிற்பாடு தெரிந்தது. நாற்றங்கால் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்ததாம்.

லேபில் மெஷின் முன்னால் நாங்கள் நான்கு பேரும் நின்றோம். சீஃப், அன்பரசன், ஸ்டீபன், நான். பரீட்சை ரிசல்டுக்குக்கூட நான் அப்படி நின்றதில்லை. திரையில் எண் வந்தது. சாதாரண அளவுக்குள் விழுந்திருந்தது. ஸ்டீபன் மேஜையைத் தட்டினார். அன்பரசன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஆம்புலன்ஸை நானே கேன்சல் பண்றேன். அந்த அம்மாகிட்டயும் நானே பேசுறேன்" என்றார். பேசினார், கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார்.

சீஃப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது மிகக் குறைவு. "தோத்துட்டேன் வசந்தா. நல்லா தோக்கடிச்சீங்க. இப்ப தலையப் படம் எடுங்க, போங்க." அடுத்த கூட்டத்தில் எல்லா டாக்டர்கள் முன்னாலும், "ஒரு அம்மோனியாவ வச்சு நான் ஒரு நல்ல மனுஷரைக் குடிகாரராக்கப் பாத்தேன், வசந்தா விடலை" என்று அவரே சொன்னார். எத்தனையோ பாராட்டுப் பத்திரம் வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக எதையும் வைக்கமாட்டேன்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்கேன் சென்டருக்கு நானே கூடப் போனேன். மண்டை ஓட்டுக்குக் கீழே, மூளைக்கு மேலே, பழைய ரத்தம் தேங்கி அழுத்திக்கொண்டிருந்தது. செல்விக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஆனி மாசம் டிராக்டர் டிரெய்லர்லேர்ந்து வழுக்கி விழுந்தாருங்க. தலையில லேசா வீங்குச்சு. ஒண்ணும் இல்லைன்னு வேலைக்குப் போயிட்டாரு." அவ்வளவுதான் விஷயம். பரம்பரையும் இல்லை, குடியும் இல்லை. அன்று மாலையே மூளை அறுவை டாக்டர் தலையை மழித்து, மண்டையில் சின்னத் துளை போட்டு அந்த ரத்தத்தை வெளியேற்றினார். மறுநாள் தங்கராசு என்னிடம், "டாக்டரம்மா, வெத்தல போட்டுக்கலாமா?" என்று கேட்டார். அடி விழும் என்றேன்.

உரக்கடைக்காரர் ஆபரேஷன் முடிகிற வரை பெஞ்சை விட்டு நகரவில்லை. விஷயம் முழுவதையும் நான் விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு சேகரைக் கூப்பிட்டு, "வலிப்புன்னு சொல்லியிருந்தா நான் என்ன, பொண்ணு வேணாம்னு ஓடியிருப்பேனா?" என்று ஒரு பிடி பிடித்தார். சேகர் தலையைக் குனிந்துகொண்டு, "ஓடியிருக்க மாட்டீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார். அந்த மனிதர், "நியாயந்தான்" என்றார். அவரே ஜோசியரிடம் போய், சம்பந்திக்கு முடி முளைக்கட்டும் என்று ஆவணியின் கடைசி முகூர்த்தத்துக்குக் கல்யாணத்தை மாற்றிவைத்தார்.

கல்யாணத்துக்கு சீஃபும் நானும் போனோம். தங்கராசு பட்டு வேட்டியில், தலையில் அரும்பு முடியோடு மணையில் உட்கார்ந்து மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். செம்பைச் சாய்த்த கை துளியும் நடுங்கவில்லை. நான் டாக்டர், நான் கையைத்தான் பார்த்தேன். தாலி கட்டி முடிந்ததும் சேகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து எங்களை மேடைக்கு இழுத்துப் போனார். சொந்தக்காரர்கள் முன்னால், "எங்க மச்சானுக்கு வலிப்பு வந்தப்ப, அது வலிப்புதான்னு கண்டுபிடிச்சுக் காப்பாத்தின டாக்டருங்க இவங்க" என்றார்.

உரக்கடைக்காரர் மேளக்காரர் பக்கத்திலிருந்த மைக்கை எடுத்து வந்து சேகர் கையில் கொடுத்தார்.

"இதுல சொல்லுங்க. பந்தியில இருக்கறவங்களுக்குக் கேக்கலை."